பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திரைக்குக் கொண்டுவாருங்கள்

பத்து நிமிட மளிகைச் செயலிகளை உருவாக்கும் வடிவமைப்பாளர்களுக்கும் பொறியாளர்களுக்கும் பிராடக்ட் மேனேஜர்களுக்கும்,

இந்த மடலை உங்கள் நிறுவனங்களின் முதலாளிகளுக்கோ முதலீட்டாளர்களுக்கோ எழுதவில்லை. ஒரு பொருளின் பக்கத்தில் எது மேலே வரவேண்டும், எது 'மேலும் விவரங்கள்' என்ற வரிக்குள் மடங்கவேண்டும், எந்த எழுத்து தடித்திருக்க வேண்டும், எது சாம்பல் நிறத்தில் மங்கவேண்டும் என்று நாள்தோறும் முடிவெடுக்கும் உங்களுக்கு எழுதுகிறேன். பெங்களூரிலும் சென்னையிலும் இந்த வேலையில் இருக்கும் உங்களில் கணிசமானோர் தமிழ் பேசுகிறவர்கள். கேட்பது ஒன்றே ஒன்று. பாக்கெட்டில் அடைத்த எந்த உணவுப் பொருளானாலும், அதன் 100 கிராமில் சேர்க்கப்பட்ட சர்க்கரை எவ்வளவு, சோடியம் எவ்வளவு, நிறைவுற்ற கொழுப்பு எவ்வளவு என்ற மூன்று எண்களை விலைக்குப் பக்கத்திலேயே காட்டுங்கள். பொருளைத் தட்டித் திறந்து, கீழே இறங்கி, இன்னொரு தட்டு தட்டினால் வருகிற இடத்தில் வைத்தால் போதாது. கூடையில் சேர்க்கும் பொத்தான் எங்கே இருக்கிறதோ அங்கே வேண்டும்.

கடையில் வாங்கும்போது பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கலாம். பார்க்கிறவர்கள் குறைவுதான், ஆனாலும் திருப்புவதற்குப் பொருள் கையில் இருந்தது. அண்ணாச்சி கடையில் கேட்டு வாங்குகிறவர்கூட காசை நீட்டும் முன் ஒரு நொடி அதைக் கையில் வாங்கிப் புரட்டுவார். திரையில் அந்த வாய்ப்பு போய்விட்டது. உங்கள் செயலியில் ஏதாவது ஒரு மால்ட் பானப் பொடியின் பக்கத்தை, வாங்குகிறவரின் கண்ணோடு திறந்து பாருங்கள். முதல் படம் டப்பாவின் முகப்பு: ஓடுகிற சிறுவன், ததும்பும் பால், பளபளக்கும் எழுத்து. அடுத்தடுத்த படங்கள் தயாரிப்பாளரே இதற்கென்று வரைந்து அனுப்பியவை: வளர்ச்சி, எலும்பு, நினைவாற்றல். ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ பின்பக்க லேபிளின் புகைப்படம் வரும். சிலவற்றில் அதுவும் வராது. டப்பா உருளையாக இருப்பதால் அட்டவணையின் ஓரம் வளைந்து படத்துக்கு வெளியே போயிருக்கும். இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கினால் எழுத்து உடைந்து கலங்கும். லேபிளைத் தெளிவாகப் படிக்க முடிவது டெலிவரி வந்த பிறகுதான். அதற்குள் பணம் போய்விட்டது. உணவுப் பொருள் கெடாமல் உடையாமல் வந்திருந்தால், பெரும்பாலும் திரும்ப எடுத்துக்கொள்வதும் இல்லை. வாங்கும் முன் படிப்பதற்காக ஏற்பட்ட லேபிள், வாங்கிய பின் படிக்கிற காகிதமாகிவிட்டது.

இது நியாயம் சார்ந்த கேள்வி மட்டுமல்ல, விதியும் இதைத்தான் சொல்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020-ல் அறிவித்த லேபிள் ஒழுங்குமுறைகளின்படி, பாக்கெட்டில் ஆற்றல், புரதம், மாவுச்சத்து, மொத்தச் சர்க்கரை, சேர்க்கப்பட்ட சர்க்கரை, மொத்தக் கொழுப்பு, நிறைவுற்ற கொழுப்பு, டிரான்ஸ் கொழுப்பு, கொலஸ்ட்ரால், சோடியம் ஆகியவற்றின் அளவு இருக்கவேண்டும். இணையவழியாக விற்கும் உணவுக்கும் அதே ஒழுங்குமுறைகளில் இடம் உண்டு: பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி போன்றவை தவிர, லேபிளில் கட்டாயமான விவரங்கள் எல்லாம் விற்பனைக்கு முன்பே வாடிக்கையாளருக்குத் தகுந்த வழியில் தெரியவேண்டும். ஐரோப்பிய ஒன்றியமும் தொலைவிலிருந்து விற்கும் உணவுக்கு இதே கடமையை 2011-ல் இயற்றிய சட்டத்தில் எழுதிவைத்தது. 'தகுந்த வழி' என்ற சொல்லுக்கு நம் ஊரில் கிடைத்திருக்கும் பொருள், ஆறாவது படமாக வரும் கலங்கிய புகைப்படம். சட்ட வாசகம் அதனால் நிறைவேறுகிறதா என்பதை வழக்கறிஞர்கள் வாதாடட்டும். விதியின் நோக்கம் நிறைவேறவில்லை என்பதைச் சொல்ல வழக்கறிஞர் தேவையில்லை.

முடியாது என்று நீங்கள் சொல்லமாட்டீர்கள், ஏனென்றால் இதைவிடச் சிறிய ஒன்றை ஏற்கெனவே முழுமையாகச் செய்து காட்டியிருக்கிறீர்கள். சைவ உணவுக்குப் பச்சைப் புள்ளி. பாக்கெட்டின் மூலையில் இருந்த அந்தக் குறி, திரைக்கு வந்தபோது தொலைந்துபோகவில்லை. உணவு வரவழைக்கும் செயலிகளில் 'சைவம் மட்டும்' என்ற சுவிட்ச் எந்த மூலையிலும் ஒளிந்திருக்கவில்லை. முதல் திரையிலேயே இருக்கிறது. காரணம் எளிது: வாங்குகிறவர்களில் பெரும்பகுதியினருக்கு அது முக்கியம் என்று நீங்கள் உணர்ந்தீர்கள், தவறினால் கோபம் வரும் என்றும் அறிந்திருந்தீர்கள். அதேபோல, 100 கிராமுக்கு இவ்வளவு ரூபாய் என்ற கணக்கைச் சில செயலிகள் விலைக்குக் கீழே சிறிய எழுத்தில் காட்டுகின்றன. பெரிய பாக்கெட் லாபமா, சின்னது லாபமா என்று மனக்கணக்குப் போட்டுத் தவித்தவர்களுக்கு அது எவ்வளவு உதவி! ரூபாய்க்கு ஒதுக்கும் அந்த இடத்துக்குப் பக்கத்தில் சர்க்கரைக்கும் உப்புக்கும் ஒரு வரி கிடைக்கவேண்டும் என்பதுதான் கோரிக்கை.

ஏன் 100 கிராம் என்று வலியுறுத்துகிறேன் என்பதை விளக்கவேண்டும். இந்த விஷயத்தில் எண்ணைவிட எண்ணின் அடிமானம் முக்கியம். கிரீம் பிஸ்கட்டுகளில் பலவற்றில் 100 கிராமுக்கு 30 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும். எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சர்க்கரை என்று சொன்னால் யாருக்கும் புரியும். அதையே 'ஒரு வேளைக்கு இரண்டு பிஸ்கட், 20 கிராம்' என்று வைத்துக்கொண்டால் சர்க்கரை 6 கிராமாகச் சுருங்கிவிடும். பிறகு அதை நாள் ஒன்றுக்கு 50 கிராம் சேர்க்கப்பட்ட சர்க்கரை என்ற உச்சவரம்போடு ஒப்பிட்டால் 12 சதவீதம் என்று வரும். பார்க்க ஒன்றுமே இல்லாததுபோல இருக்கும். ஆனால் அந்த 50 கிராம், நாளுக்கு 2,000 கலோரி உண்ணும் பெரியவருக்குப் போட்ட கணக்கு. பிஸ்கட்டைத் தின்பது ஏழு வயதுக் குழந்தை. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் தந்த வழிகாட்டுதல், சேர்க்கும் சர்க்கரை மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. அந்த ஐந்து சதவீதம் பெரியவருக்கே சுமார் 25 கிராம்தான். 250 மில்லி கோலாவில் ஏறக்குறைய அவ்வளவு சர்க்கரை இருக்கிறது. இரண்டு பிஸ்கட்டோடு நிறுத்திக்கொள்ளும் குழந்தையும் அரிது. வேளை அளவைத் தயாரிப்பாளர் தீர்மானிக்கிறார். ஒருவர் 20 கிராம் என்பார், அடுத்தவர் 30 கிராம் என்பார், ஒப்பிட வழியில்லை. 100 கிராம் யாருடைய வசதிக்கும் வளையாது.

உப்புக்கும் இதே கதைதான், கொஞ்சம் கூடுதலாகவே ஏமாற வாய்ப்புண்டு. லேபிளில் உப்பு என்று போடுவதில்லை, சோடியம் என்று மில்லிகிராமில் போடுகிறார்கள். சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. உடனடி நூடுல்ஸ் வகைகள் பலவற்றில் 100 கிராமுக்கு ஆயிரம் மில்லிகிராமுக்கு மேல் சோடியம். அதாவது இரண்டரை கிராமுக்கு மேல் உப்பு. நாள் முழுவதற்கும் சேர்த்து 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிற பெரியவர், குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டு மாலையில் இதைச் சாப்பிட்டால் குறைத்ததற்குப் பலன் என்ன? இந்தப் பெருக்கலை அவரைப் போடச் சொல்லாதீர்கள். உங்கள் கணினி போடட்டும்.

நம் நாட்டில் இது யாரோ சிலரின் உடல்நலக் கவலை அல்ல. சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் நீரிழிவு ஆய்வு அறக்கட்டளை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவுகள் 2023-ல் வந்தன. பத்துக் கோடிக்கு மேற்பட்ட இந்தியர்களுக்கு நீரிழிவு. 13 கோடிக்கு மேற்பட்டவர்கள் அதன் வாசலில் நிற்கிறார்கள். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, இந்தியாவின் மொத்த நோய்ச் சுமையில் 56.4 சதவீதம் ஆரோக்கியமற்ற உணவுமுறையால் வருவது என்று மதிப்பிடுகிறது. இதற்கெல்லாம் செயலிகள்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அரிசியும் எண்ணெயும் உட்கார்ந்த வேலையும் அதில் உண்டு. ஆனால் வாசலில் நிற்கும் அந்தப் பதின்மூன்று கோடிப் பேருக்கு மருத்துவர் முதலில் சொல்லும் அறிவுரை, சாப்பாட்டைப் பார்த்து வாங்குங்கள் என்பது. பார்த்து வாங்க ஒன்றுமே தெரியாத திரையில் அந்த அறிவுரை எப்படிப் பலிக்கும்?

நாங்கள் வெறும் இடைத்தரகர், பொருளைப் பற்றி நாங்கள் எதுவும் சொல்வதில்லை என்ற பதில் உங்கள் துறையில் வழக்கமாக வருகிறது. கடந்த சில ஆண்டுகளில் நடந்தவை அந்தப் பதிலை ஏற்கவிடவில்லை. 2024 ஏப்ரலில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் இணைய வணிக நிறுவனங்களுக்கு ஓர் அறிவுறுத்தல் அனுப்பியது: பால் சார்ந்த, தானியம் சார்ந்த, மால்ட் சார்ந்த பானங்களை 'ஹெல்த் டிரிங்க்', 'எனர்ஜி டிரிங்க்' என்ற தலைப்புகளில் வைக்காதீர்கள். 'ஹெல்த் டிரிங்க்' என்ற சொல்லுக்கு நம் உணவுச் சட்டத்தில் வரையறையே இல்லை. தலைப்பை வைத்தது திரை. ஒரு பொருளை எந்த அலமாரியில் வைக்கிறோம் என்பதே அதைப் பற்றிய ஒரு வாக்குறுதி. 2025 அக்டோபரில் இன்னும் கடுமையானது நடந்தது. வயிற்றுப்போக்கில் நீரிழந்த குழந்தைக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலான ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைப் பழச்சாறு போன்ற பானங்களின் பெயரில் சேர்க்கக்கூடாது என்று ஆணையம் உத்தரவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரத்தில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், அதற்கேற்ற அளவில் உப்புகள். அளவு மாறிச் சர்க்கரை கூடினால் குழந்தையின் வயிற்றுப்போக்கு அதிகமாகலாம். ஹைதராபாத்தின் குழந்தைநல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதற்காகப் பல ஆண்டுகள் போராடவேண்டியிருந்தது. பதறிய பெற்றோர் ஒருவர் இரவு பதினொரு மணிக்கு அந்த மூன்று எழுத்தைத் தட்டச்சு செய்யும்போது, முதலில் எந்தப் பொருள் வரவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது தேடல் வரிசை. அந்த வரிசையை எழுதுவது நீங்கள். 100 மில்லியில் எவ்வளவு சர்க்கரை என்ற எண் பெயருக்கு அருகிலேயே நின்றிருந்தால், எந்த உத்தரவும் வரும் முன்பே உண்மையான கரைசலுக்கும் அந்தப் பானங்களுக்கும் உள்ள வேறுபாடு கண்ணில் பட்டிருக்கும்.

எண்ணைக் காட்டினாலும் யாரும் பார்க்கமாட்டார்கள் என்பது உங்கள் கூட்டங்களில் எழக்கூடிய வலுவான மறுப்பு. தரவை வைத்துப் பேசுகிறவர்கள் நீங்கள்; தரவையே பார்ப்போம். சிலி நாடு 2016 ஜூனில் சர்க்கரை, சோடியம், நிறைவுற்ற கொழுப்பு, கலோரி மிகுந்த பொருட்களின் முகப்பில் எண்கோண வடிவக் கறுப்பு முத்திரையைக் கட்டாயமாக்கியது. அந்த முத்திரை பெற்ற பானங்களை மக்கள் வாங்கிய அளவு, சட்டம் வராதிருந்தால் எவ்வளவு இருந்திருக்கும் என்ற கணிப்போடு ஒப்பிட ஏறக்குறைய 24 சதவீதம் குறைந்தது. முத்திரையோடு சிறுவர் விளம்பரங்களுக்கும் பள்ளி விற்பனைக்கும் கட்டுப்பாடு சேர்ந்தே வந்தது. ஆகவே குறைவு முழுவதையும் முத்திரையின் கணக்கில் எழுதமாட்டேன். ஆனால் அதனோடு இன்னொன்றும் நடந்தது, எனக்கு அதுதான் கூடுதல் முக்கியமாகப் படுகிறது: முத்திரைக்கு அஞ்சித் தயாரிப்பாளர்களே செய்முறையை மாற்றினார்கள். ஏதாவது ஓர் அளவில் மிகுதி என்று வகைப்படும் பொருட்களின் பங்கு 51 சதவீதத்திலிருந்து 44 சதவீதமாக இறங்கியது. இதன் பலன் லேபிளைப் படிக்காதவருக்கும் சேர்ந்தே கிடைக்கிறது. பத்துப் பேரில் ஒருவர் பார்த்தால்கூட, அந்த ஒருவரை இழக்க விரும்பாத தயாரிப்பாளர் மற்ற ஒன்பது பேருக்கும் சேர்த்துச் சர்க்கரையைக் குறைக்கிறார்.

பிரான்சில் இதைச் சட்டமின்றி ஒரு செல்போன் செயலியே செய்து காட்டியது. யூகா என்ற அந்தச் செயலியில் பார்கோடைக் காட்டினால் பொருளுக்கு மதிப்பெண் வரும். மதிப்பெண் குறைந்த பொருளை மக்கள் அலமாரியிலேயே திருப்பி வைக்கத் தொடங்கினார்கள். 2019-ல் இண்டர்மார்ஷே என்ற சூப்பர்மார்க்கெட் நிறுவனம், தன் சொந்தப் பிராண்டின் ஏறக்குறைய 900 பொருட்களின் செய்முறையை மாற்றப்போவதாக அறிவித்தது. அங்கே பார்கோடு வாங்குகிறவரின் கையில் இருந்தது. இங்கே அது உங்கள் இருட்டுக் கிடங்கின் அடுக்கில் இருக்கிறது. வெளியிலிருந்து யாரும் அதை ஸ்கேன் செய்ய முடியாது. அதனால்தான் இந்த வேலையை உங்களிடம் கேட்கவேண்டியிருக்கிறது.

தகவல் எங்களிடம் இல்லை, பிராண்டுகள் தருவதைத்தான் போடுகிறோம், தவறாக இருந்தால் பழி எங்கள் மேல் விழும் என்பது அடுத்த மறுப்பு. இதில் பாதி உண்மை. சோதனைச்சாலை வைத்துச் சர்க்கரையை அளக்கும்படி உங்களை யாரும் கேட்கவில்லை. லேபிளில் சட்டப்படி அச்சிட்டிருப்பதை அப்படியே எழுத்தாக மாற்றிப் போடுங்கள், 'தயாரிப்பாளரின் லேபிளின்படி' என்று குறிப்பிடுங்கள். எண்ணுக்கான பொறுப்பு அச்சிட்டவருடையது. ஒரு பொருளைப் பட்டியலில் சேர்க்கும்போது அதன் எடை, அதிகபட்ச விலை, உணவு உரிம எண், சைவமா அசைவமா என்பதை எல்லாம் கேட்கிறீர்கள், இல்லாவிட்டால் சேர்ப்பதில்லை. அந்தப் படிவத்தில் இன்னும் மூன்று கட்டங்கள் சேர்ந்தால் போதும். ஒரு பொருளுக்கு ஒரு முறை நிரப்பினால் எல்லா நகரங்களிலும் உள்ள எல்லாக் கிடங்குகளுக்கும் அது போதும். செய்முறை மாறினால் லேபிளும் மாறும், புதிய சரக்கு வரும்போது சரிபார்க்கவேண்டும், வேலைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மணிக்கு மணி விலையை மாற்றத் தெரிந்த அமைப்புக்கு இது முடியாத வேலை அல்ல.

விற்பனை குறையும் என்று வெளிப்படையாகச் சொல்கிறவர்களை மதிக்கிறேன், ஏனென்றால் அதுதான் உண்மையான தயக்கம். சில பொருட்களின் விற்பனை குறையும்; குறையவேண்டும் என்பதுதான் நோக்கமும். ஆனால் மாலை நாலு மணிக்குக் குழந்தைக்கு ஏதாவது வாங்க வருகிறவர், எண்ணைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு செயலியை மூடிவிடுவதில்லை. பக்கத்தில் இருக்கும் வேறொன்றை எடுப்பார். அந்த வேறொன்றையும் விற்பது நீங்கள்தான். சிலியில் சட்டத்துக்குப் பிறகு உணவுத் துறையின் வேலைவாய்ப்பும் கூலியும் சரிந்தனவா என்று பொருளாதார வல்லுநர்கள் ஆராய்ந்தார்கள். அப்படிச் சரிவு எதுவும் தென்படவில்லை. உண்மையில் அடிபடக்கூடியது, தேடல் பட்டியலின் மேலிடத்துக்குப் பிராண்டுகள் கட்டும் விளம்பரப் பணம். பணம் கட்டி மேலே வந்த பொருளுக்கு அருகில் 'சர்க்கரை 34 கிராம்' என்று நின்றால் விளம்பரம் கொடுத்தவர் முகம் சுளிப்பார். அந்தச் சுளிப்புக்கு இடம் கொடுத்து எண்ணை மறைப்பது எப்படிப்பட்ட முடிவு என்பதை நீங்களே பெயரிட்டுப் பாருங்கள். நுகர்வோரைத் திரை வடிவமைப்பால் ஏமாற்றும் பதின்மூன்று வழிகளை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் பட்டியலிட்டுத் தடுத்தது. கேட்காத பொருளைக் கூடையில் நுழைப்பது, கட்டணத்தைக் கடைசிப் படியில் காட்டுவது போன்றவை அதில் உண்டு. முடிவெடுக்கத் தேவையான தகவலை மறைப்பது அந்த வழிகளுக்கு வெகு தொலைவில் இல்லை.

மூன்று எண்களால் ஓர் உணவை அளக்கலாமா என்று ஊட்டச்சத்து தெரிந்தவர்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி, இதற்குச் சற்று நின்று பதில் சொல்லவேண்டும். கடலை மிட்டாயில் வெல்லம் நிறைய; 100 கிராமில் சர்க்கரை என்று பார்த்தால் பல பிஸ்கட்டுகளை மிஞ்சும். அதில் நிலக்கடலையின் புரதம் இருக்கிறதே, கோவில்பட்டியின் பெருமையாயிற்றே, அதையும் மைதா பிஸ்கட்டையும் ஒரே தட்டில் நிறுத்தலாமா? நிறுத்தலாம். வெல்லமும் ரத்தத்தில் சர்க்கரையாகத்தான் சேர்கிறது. நம் பாட்டி செய்தது என்பதற்காகக் கணையம் சலுகை தருவதில்லை. கடலை மிட்டாயை விரும்புகிறவர் அந்த எண்ணைப் பார்த்து, இரண்டு துண்டு தின்னுமிடத்தில் ஒன்றோடு நிறுத்துவார். அதில் நட்டம் யாருக்கும் இல்லை. அதே சமயம் எந்தக் கணக்கும் இல்லாமல் எல்லாவற்றின் மேலும் எண்ணை ஒட்டச் சொல்லவில்லை. சிலியின் சட்டம் சர்க்கரையோ உப்போ நிறைவுற்ற கொழுப்போ தனியாகச் சேர்த்த பொருட்களுக்கு மட்டுமே முத்திரை குத்துகிறது. அதையே பின்பற்றலாம். பச்சை நிலக்கடலைக்கும் எள்ளுக்கும் பாதாமுக்கும் பழத்துக்கும் எண் வேண்டாம். செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய், நெய் போன்ற ஒற்றைப் பொருள்களை விட்டுவிடலாம். மேலும், உணவை நல்லது கெட்டது என்று ஒரே மதிப்பெண்ணில் அடக்கச் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். நீரிழிவு உள்ளவர் முதல் எண்ணைப் பார்ப்பார், ரத்த அழுத்தம் உள்ளவர் இரண்டாவதை, இதய நோய் கண்டவர் மூன்றாவதை. சிறுநீரக நோயாளிக்குச் சோடியம் உயிர்ப் பிரச்சினை, சர்க்கரை இரண்டாவது கவலை. ஒரு நட்சத்திரம் இவர்கள் எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லும். மூன்று எண்கள் அவரவர் கேள்விக்கு அவரவர் பதிலைத் தரும்.

நட்சத்திரம் என்றதும் அரசின் நினைவு வருகிறது. அரசு விதி வரட்டும், வந்தால் செய்கிறோம் என்று சொல்லக்கூடும். காத்திருந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த பொருட்களுக்குச் சிவப்பு நிறம் தீட்டும் வரைவு 2018-ல் வந்தது, கிடப்பில் போனது. 2022 செப்டம்பரில் அரை நட்சத்திரம் முதல் ஐந்து நட்சத்திரம் வரை மதிப்பிடும் வரைவு வந்தது. பழம், கொட்டை, நார்ச்சத்து சேர்த்தால் சர்க்கரையின் பாவம் கழியும்படி அது அமைந்திருந்ததைப் பொது சுகாதார வல்லுநர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். 2024 ஜூலையில் சர்க்கரை, உப்பு, நிறைவுற்ற கொழுப்பு விவரத்தைத் தடித்த, பெரிய எழுத்தில் அச்சிடும் யோசனைக்கு ஆணையம் ஒப்புதல் தந்தது. 2025 ஏப்ரலில் ஒரு பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை முடிவுசெய்ய மூன்று மாத அவகாசம் கொடுத்தது. பிறகு அவகாசம் நீண்டது. 2018-ல் பிறந்த குழந்தை இப்போது தானே திரையைத் தட்டிச் சாக்லேட் தேடும் வயதுக்கு வந்துவிட்டது. பாக்கெட்டை மாற்ற ஆலைகளின் அச்சுச் சிலிண்டர்கள் மாறவேண்டும், இருப்பு தீரவேண்டும் என்று காரணம் சொல்லலாம். திரைக்கு அந்தக் காரணங்கள் எதுவும் பொருந்தாது.

திரைக்கு மட்டுமே முடிந்த இன்னொன்று உண்டு. பாக்கெட்டின் லேபிள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருந்தால் போதும் என்பது விதி. ஈரோட்டில் தயாரித்து மதுரையில் விற்கும் முறுக்கின் லேபிளில்கூடத் தமிழ் கட்டாயமில்லை. காகிதத்தில் இடம் குறைவு, பல மொழிகளில் அச்சிட முடியாது என்பார்கள். திரையில் மொழியை மாற்ற ஒரு பொத்தான் போதும். 'ஆடட் ஷுகர்' என்பதை ஆங்கிலத்தில் படிக்கத் தெரியாத ஒருவர், 'சேர்த்த சர்க்கரை: 100 கிராமில் 34 கிராம்' என்பதைத் தமிழில் படித்தால் அடுத்து யாரிடமும் விளக்கம் கேட்கவேண்டியதில்லை. பார்வையற்றவர்களுக்கு இன்னும் நேரடியான பயன். காகித லேபிளை அவர்களால் என்றுமே படிக்க முடிந்ததில்லை. செல்போனின் திரை வாசிப்பான் எழுத்தைப் படித்துச் சொல்லும், ஆனால் புகைப்படத்துக்குள் இருக்கும் அட்டவணையை உங்கள் செயலிக்குள் அது சரியாகப் படிப்பதை நம்பியிருக்க முடியாது. லேபிளைப் படமாகப் போட்டதன் மூலம், தொழில்நுட்பம் அவர்களுக்குத் திறந்துவிட்டிருக்கக்கூடிய கதவைச் சாத்தியிருக்கிறீர்கள். எழுத்தாக மாற்றுங்கள், திறந்துவிடும்.

எல்லாப் பொருட்களுக்கும் ஒரே நாளில் செய்யவேண்டும் என்று கேட்கவில்லை. பிஸ்கட், மால்ட் பானப் பொடி, பாட்டில் பானங்கள், காலைக்கான சீரியல், உடனடி நூடுல்ஸ், சிப்ஸ் என்ற ஆறு வகைகளில் தொடங்கலாம். குழந்தைகளின் வாய்க்குப் போவதில் பெரும்பகுதி இவற்றுக்குள் அடங்கும். பட்டியல் பக்கத்தில், விலைக்கு அடுத்த வரியில், விலையின் எழுத்தளவிலேயே மூன்று எண்களை வையுங்கள். வரிசைப்படுத்தும் பட்டியலில் 'விலை குறைவிலிருந்து' என்பதற்குக் கீழே 'சர்க்கரை குறைவிலிருந்து' என்று இன்னொரு வரி சேருங்கள். 'சர்க்கரை குறைவு' என்று விளம்பரம் செய்ய 100 கிராமுக்கு 5 கிராம், பானமாயின் 100 மில்லிக்கு இரண்டரை கிராம் என்ற வரம்பு நம் விதிகளிலேயே இருக்கிறது. 'சைவம் மட்டும்' சுவிட்ச்போல அந்த வரம்புக்கும் ஒரு சுவிட்ச் வைக்கலாம். லேபிள் விவரம் தராத பொருளுக்கு அந்த இடத்தை வெறுமையாக விடாமல் 'தயாரிப்பாளர் விவரம் தரவில்லை' என்று எழுதுங்கள். அடுத்த வாரமே விவரம் வந்து சேரும். இவற்றில் எதற்கும் அரசிதழில் புதிய அறிவிப்பு தேவையில்லை. உங்கள் அடுத்த இரண்டு வாரத் திட்டக் கூட்டத்தில் யாராவது ஒருவர் இதை எழுதிப் போட்டு, அதன் கீழே தன் பெயரைச் சேர்த்தால் வேலை தொடங்கிவிடும்.

அன்புடன்,
உங்கள் செயலிகளில் மளிகை வாங்குகிறவர்களில் ஒருவர்